கடலை நீந்தியவர்களும் நீந்தத் தெரியாத நாமும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் எங்கள் வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால் இந்த உரையை நாங்கள் எழுபதுகளின் நடுவில் இந்தப் பாடசாலையை விட்டுப் போன ஒரு வகுப்பாகச் சேர்ந்து எழுதினோம். தொலைபேசியில் பேசிப் பேசி, ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி வெட்டி, மூன்று மாதமாயிற்று. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் சாதனையும்". நாங்கள் எடுத்துக்கொண்டது கடல் நீச்சல். ஆறாயிரம் அடி உயரத்தில், போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையில் கடல் நீச்சலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறோம்.

1971ஆம் ஆண்டு நாங்கள் எட்டாம் வகுப்பு. ஒரு நாள் பூமிசாஸ்திரப் பாடத்துக்கு வந்த டீச்சர் கரும்பலகையில் இலங்கையின் தலையையும் இந்தியாவின் வாலையும் வரைந்தார். இரண்டுக்கும் நடுவில் சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். "வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆனந்தன் என்ற ஒருவர் தலைமன்னாரில் இறங்கி நீந்தித் தனுஷ்கோடிக்குப் போய், திரும்பவும் நீந்தித் தலைமன்னாருக்கு வந்துவிட்டார். 51 மணித்தியாலம்" என்றார். நாங்கள் வாயைப் பிளந்தோம். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணித்தியாலம். எங்களுக்கு அப்போது தெரிந்த நீரெல்லாம் லயத்துக்குப் பின்னால் உள்ள பீலித் தண்ணீரும், மழைக்காலத்தில் கலங்கி ஓடும் ஆறும்தான்.

அன்று வீட்டுக்குப் போய் எங்களில் ஒருத்தி தன் பாட்டியிடம் இதைச் சொன்னாள். பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "நீந்திப் போனவருக்குத் திரும்பி வர வழி தெரிஞ்சிருக்கு ஆத்தா. கப்பல்ல வந்த எங்களுக்குத்தான் தெரியல."

அந்தப் பாட்டி சிறுமியாக மண்டபம் முகாமில் அடைந்து கிடந்து, ஊசி போட்டுக்கொண்டு, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் அந்தக் கப்பல் சேவை தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறையினர் தொண்டி, அம்மாபட்டினம் போன்ற துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை மலையக வரலாறு இன்றும் சொல்கிறது. 2023இல் நம் மக்கள் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து அந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது, நம் பழைய மாணவிகளும் அதில் சேர்ந்து நடந்தார்கள். ஆக, கடல் நமக்கு அந்நியமான விஷயமல்ல. நாம் எல்லோருமே அதைக் கடந்து வந்தவர்களின் பேத்திகள்.

இனி, நீந்திக் கடந்தவர்களைப் பார்ப்போம்.

நெடுந்தூரக் கடல் நீச்சலின் நவீன வரலாறு ஆங்கிலக் கால்வாயில் தொடங்குகிறது. 1875 ஆகஸ்ட் 24, 25ஆம் திகதிகளில் மத்தியூ வெப் என்ற கப்பல் தலைவர் டோவரிலிருந்து பிரான்சுக்கு 21 மணித்தியாலம் 45 நிமிடத்தில் நீந்தினார். நேர்க்கோட்டில் அது ஏறக்குறைய 33 கிலோமீற்றர். ஆனால் கால்வாயில் யாரும் நேர்க்கோட்டில் நீந்த முடியாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நீரோட்டம் திசை மாறுவதால், நீந்துகிறவரின் பாதை பாம்புபோல் வளையும். புகழ் பெற்ற வெப்பின் முடிவும் நீரில்தான். 1883இல் நயாகரா அருவிக்குக் கீழே உள்ள சுழலை நீந்திக் கடக்கப் போய் இறந்தார்.

பெண்களால் அந்தக் கால்வாயை நீந்த முடியாது என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. 1925இல் அமெரிக்காவைச் சேர்ந்த கெர்ட்ரூட் எடர்லி என்ற இளம்பெண் முயன்றார். பாதி வழியில் அவருடைய பயிற்சியாளர், அவர் தளர்ந்துவிட்டார் என்று நினைத்து, அவரைத் தொட்டுத் தூக்கும்படி உத்தரவிட்டார். தொட்டால் முடிந்தது. அதுதான் விதி. தான் தளரவில்லை, சற்று இளைப்பாறினேன் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பயிற்சியாளரை மாற்றிக்கொண்டு அடுத்த வருடம் மீண்டும் வந்தார். 1926 ஆகஸ்ட் 6ஆம் திகதி பதினாலரை மணித்தியாலத்தில் கரையேறினார். அதற்கு முன் நீந்திய எல்லா ஆண்களையும்விட ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் விரைவு. நம் பாடசாலைக்கும் ஏறக்குறைய அந்தச் சாதனையின் வயதுதான்.

அந்த ஆகஸ்ட் 6ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி, ஏறக்குறைய 27 மணித்தியாலம் நீந்திக் கோடியக்கரையை அடைந்தார். 1966 ஏப்ரல் 5, 6ஆம் திகதிகளில் வங்காளத்தைச் சேர்ந்த மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணித்தியாலம் 36 நிமிடத்தில் நீந்தினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்குப் போயின. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பொஸ்பொரஸ், பனாமாக் கால்வாய் என்று மொத்தம் ஐந்து நீர்வழிகளை முடித்தார். 1994இல் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் என்ற சிறுவன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி அந்தச் சாதனையை முந்தினான்.

நடுவில் நம் ஆனந்தன். 1963இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். 1971இல் போகவும் வரவும் நீந்தினார். ஆழிக்குமரன் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தியதுபோல் வேறு யாருக்கும் பொருந்தியதில்லை. அவருடைய அந்த இருவழிச் சாதனை ஐம்பது ஆண்டு நிலைத்தது. 2021 ஏப்ரலில்தான் இலங்கை விமானப் படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலமும் சில நிமிடங்களும் நீந்தி அதை முறியடித்தார்.

பெண்களின் பட்டியலை வேண்டுமென்றே தனியாக வைத்திருக்கிறோம். முதலில் ஆரத்தி சாஹா. கல்கத்தாவில் பிறந்தவர். இரண்டு வயதில் தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் உறவினரோடு குளிக்கப் போன இடத்தில் நீந்தப் பழகினார். நமக்குப் பீலிக்கரை எப்படியோ, அவருக்கு அந்தப் படித்துறை. 1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். துணைப் படகு தாமதமாக வந்தது. நல்ல நீரோட்டம் கைநழுவியது. கரைக்குச் சில மைல்கள் இருக்கும்போது எதிர் நீரோட்டத்தில் சிக்கிக் கைவிட நேர்ந்தது. அவர் குறை சொல்லிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. ஒரு மாதம் அங்கேயே பயின்று, செப்டெம்பர் 29ஆம் திகதி மீண்டும் இறங்கி, 16 மணித்தியாலம் 20 நிமிடத்தில் கரையேறினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். 1960இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2004இல் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 14 மணித்தியாலத்தில் நீந்தினார். 2021 மார்ச்சில் ஹைதராபாத்தைச் சேர்ந்த கோலி சியாமளா அதே கடலை 13 மணித்தியாலம் 43 நிமிடத்தில் கடந்தார். இவருடைய கதையை எங்கள் வயதுக்காரர்கள் காது கொடுத்துக் கேளுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் நீந்தவே கற்றார். 2022 மார்ச் 20ஆம் திகதி ஜியா ராய் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி 13 மணித்தியாலம் 10 நிமிடத்தில் கடந்தாள். அவளுக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சுக்கு முன் தண்ணீர் அந்தப் பிள்ளைக்கு வசப்பட்டது.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இங்கே முன்வரிசையில் இன்றைய மாணவிகள் இருக்கிறார்கள். பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நாங்கள் உங்களுக்குத் தீங்கு செய்தவர்களாவோம். ஆகவே ஆபத்தைப் பற்றி விரிவாகவே பேசுகிறோம்.

முதல் ஆபத்து குளிர். கோடையில்கூட ஆங்கிலக் கால்வாயின் நீர் 15 முதல் 18 பாகை செல்சியஸ்தான். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. நாம் சுவெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும் அந்தக் குளிரை நீராக்கி, அதற்குள் பதினைந்து மணித்தியாலம் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். அதிலும் காற்றைவிட நீர் உடம்பின் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். உடம்பின் உட்சூடு 37 பாகை. அது 35க்குக் கீழே போனால் முதலில் விரல்கள் சேராது. பிறகு பேச்சுக் குழறும். பிறகு புத்தி தடுமாறும். இதில் கொடுமை என்னவென்றால், புத்தி தடுமாறுவது நீந்துகிறவருக்கே தெரியாது. "நான் நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். அதனால்தான் படகில் ஒருவர் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை முறை கை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பார். அந்த எண்ணிக்கை சரிந்தால், நீந்துகிறவர் என்ன சொன்னாலும் அவரை ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகும் ஆபத்து தீராது. கைகால்களின் குளிர்ந்த இரத்தம் உள்ளே திரும்புவதால், கரையேறிய பின்னும் சில நிமிடங்களுக்கு உட்சூடு இறங்கிக்கொண்டே போகலாம்.

இரண்டாவது ஆபத்து இதற்கு நேர் எதிரானது. வெப்பம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல். நீந்தும்போது உடம்பில் பிறக்கும் சூடு அந்த நீரில் எளிதாக வெளியேறாது. வியர்ப்பது தெரியாது, தாகம் தெரியாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீற்றர் போட்டியில் பிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர் நீந்திக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோனார். நன்கு பயின்றவர், வயது இருபத்தாறு. வெந்நீர்போல் இருந்த கடலும், போதாத கண்காணிப்பும் பேசுபொருளாயின. அதற்குப் பிறகுதான் போட்டிகளுக்கு நீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டக்கூடாது என்ற எல்லை வந்தது.

மூன்றாவது காற்றும் நீரோட்டமும். பாக்கு நீரிணையை நீந்தியவர்களின் மாதங்களைக் கவனித்தீர்களா? 1954 மார்ச், 1966 ஏப்ரல், 2021 மார்ச், ஏப்ரல், 2022 மார்ச். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று எழும்புவதற்கு முந்திய இடைவெளி அது. கடல் மூச்சுவிடும் காலம். அந்த ஒரு மாதம் ஒன்றரை மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். மற்றக் காலத்தில் அந்தக் கடல் என்ன செய்யும் என்பதற்கு 1964 டிசம்பர் சாட்சி. 22ஆம் திகதி இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பக்கமிருந்து வந்த ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று.

நான்காவது, உப்பு. பத்து மணித்தியாலம் கடல் நீர் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும். உணவை விழுங்க முடியாது. விழுங்கியதும் வாந்தியாகும். படகைத் தொடக்கூடாது என்பதால், நீண்ட கம்பிலோ கயிற்றிலோ கட்டி நீட்டும் போத்தலிலிருந்து, மிதந்தபடியே குடிக்க வேண்டும். இவற்றோடு சொறிமுட்டையின் கொட்டு, கடற்பாம்பு, இரவில் விளக்கில்லாமல் வரும் வள்ளம், மீன்வலை. கடற்பாம்பு கொடிய நஞ்சுள்ளது, ஆனால் தானாகத் தேடி வந்து கடிப்பது அரிது. அதைவிடச் சொறிமுட்டைக்குத்தான் நீச்சல்காரர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது மலைநாட்டுக்காரர்களான நமக்கு உடனே புரியும். பனிமூட்டம். 1952 ஜூலை 4ஆம் திகதி புளோரன்ஸ் சாட்விக் என்ற பெண் கலிபோர்னியாவில் கற்றலினாத் தீவிலிருந்து தலைநிலத்துக்கு நீந்தினார். ஆங்கிலக் கால்வாயை இரு திசையிலும் நீந்தியவர் அவர். அன்று பனி மூடியது. துணைப் படகுகூடச் சரியாகத் தெரியவில்லை. பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் நீந்திய பின் தன்னை ஏற்றிவிடச் சொன்னார். ஏறிய பிறகுதான் தெரிந்தது, கரை அரை மைல் தூரத்தில் இருந்தது என்று. களைப்பைவிட, கரை கண்ணுக்குத் தெரியாததுதான் தன்னைத் தோற்கடித்தது என்று அவர் பின்னர் சொன்னார். இரண்டே மாதத்தில் திரும்ப வந்து அதே கடலைக் கடந்தார்.

காலையில் பனியில் பெரட்டுக் களத்துக்கு நடந்த அம்மாமாரை நினைக்கிறோம். மலை தெரியாது, முன்னால் போகிறவரின் கூடைதான் தெரியும். அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

இப்போது அந்த ஆகஸ்ட் 6. எடர்லி வென்ற அதே திகதியில், 1984இல், ஆழிக்குமரன் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். வயது 41. நம்முடைய வெப்பக் கடலில் 51 மணித்தியாலம் நின்ற மனிதர். எங்களில் சிலர் அப்போது ஆசிரியைகளாக இருந்தோம். அடுத்த நாட்களில் வகுப்பில் என்ன சொல்வதென்று தெரியாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. அதே கால்வாயில் 1988இல் பிரேசிலைச் சேர்ந்த ரெனாட்டா அகொண்டி, 1999இல் மெக்சிகோவைச் சேர்ந்த பௌஸ்டா மரின் மொரேனோ என்ற பெண்களும் இறந்தார்கள். இவர்கள் யாரும் நீந்தத் தெரியாதவர்களல்லர். நீந்தத் தெரிந்தவர்களையும் கடல் எடுக்கும் என்பதைச் சிறுமிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரத்தி முதல் முறை படகில் ஏறியதால்தான் இரண்டாம் முறை கடக்க அவருக்கு உயிர் இருந்தது. சாட்விக்கும் அப்படித்தான். ஏறிக்கொள்வதில் வெட்கமில்லை.

இனி, இந்தத் தலைப்பை ஏன் எடுத்தோம் என்று சொல்கிறோம்.

எங்கள் வகுப்பில் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தி 1974இல் இந்தியா போனாள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அந்த எண்ணிக்கையில் அவளும் ஒன்று. அட்டனில் கோச்சி ஏற்றிவிட நாங்கள் ஏழு பேர் போனோம். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல். தன் பூமிசாஸ்திரக் கொப்பியை எங்களிடம் கொடுத்துவிட்டு, "அந்த ஆனந்தன் போல நீந்தி வந்துருவேன்டி" என்றாள். அவளுக்கும் நீந்தத் தெரியாது. இன்று அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். நீந்தி வரவில்லை, விமானத்தில் வந்தாள். ஐம்பது வருடம் ஆயிற்று. எழுந்து நில் தாயே, எல்லோரும் பார்க்கட்டும்.

இன்னொருத்தி வரவில்லை. அவள் எங்களில் ஒருத்தியின் தங்கை. இந்தப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, வீட்டுக் கம்பளிகளை அலசத் தோட்டத்துக்குக் கீழே நீர்த்தேக்கக் கரைக்குப் பெண்களாகப் போனார்கள். ஐப்பசி மழைக்கு நீர் ஏறியிருந்தது. நம் நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியவை. குளம்போல் மெல்ல ஆழமாவதில்லை. இரண்டு எட்டு வைக்கும்வரை முழங்கால், மூன்றாவது எட்டில் தேயிலை மலையின் சரிவு. நனைந்த கம்பளி அவளை இழுத்தது. கரையிலிருந்து பத்தடி. ஐந்து பெண்கள் நின்றார்கள். கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்கள், பயம் அறியாதவர்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஒருவர் சேலையை அவிழ்த்து எறிந்தார். எட்டவில்லை. இன்னொருவர் இறங்கப் போனார். அவரை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது சரி. பிடிக்காவிட்டால் இரண்டு உயிர். தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்தடி. முப்பது கிலோமீற்றர் கடலை நீந்திக் கடந்தவர்களின் வரலாற்றைப் படித்து முடித்தபோது எங்களுக்கு அந்தப் பத்தடிதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய அக்கா இந்த உரையை எழுதியவர்களில் ஒருத்தி. "சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள்" என்றாள். சொல்லிவிட்டோம்.

நம்மைச் சுற்றி எத்தனை நீர்! காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை. மவுசாக்கலையில் நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். பார்க்கப் பிள்ளைகள் சேற்றில் இறங்குகிறார்கள். ஆறுகள், அருவிகள், தோட்டத்துக் குளங்கள். இத்தனைக்கும் நடுவில் வளர்ந்து, எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தோம். இரண்டு பேர். இருவரும் வெளிநாடு போன பிறகு, பிள்ளைகளைப் பழக்கும்போது கூடப் பழகியவர்கள்.

நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று? பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். உடுப்பு என்ன போடுவது என்றார்கள். சளி பிடிக்கும் என்றார்கள். நாங்களும் எங்கள் பிள்ளைகளிடம் அதையே சொன்னோம். பிறரைக் குறை சொல்லவில்லை.

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வாசலில் ஒரு வளைவு கட்டுவதென்று பேச்சு இருக்கிறது. வளைவு அழகுதான். எங்கள் வகுப்பின் பங்கை நாங்கள் வளைவுக்குத் தரவில்லை என்பதை இந்தச் சபையில் பணிவாக அறிவிக்கிறோம். கோபிக்காதீர்கள். தடாகம் கட்டும் அளவுக்கு நம்மிடம் பணம் இல்லை, அதைக் கேட்கவும் இல்லை. நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று: ஒவ்வொரு ஆகஸ்ட் விடுமுறையிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை, தடாகம் உள்ள ஊரொன்றுக்குப் பத்து நாள் அழைத்துப் போய், பெண் பயிற்றுநரைக் கொண்டு நீந்தப் பழக்க வேண்டும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் முதல் மூன்று ஆண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. முழங்காலையும் தோளையும் மூடும் நீச்சல் உடுப்பு இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆகவே அந்தச் சாக்கு இனி வேண்டாம்.

இரண்டு: பிள்ளைகள் குளிக்கவும் துவைக்கவும் போகும் ஒவ்வொரு துறையிலும், தோட்டத்துப் பெரியவர்களின் சம்மதத்தோடு, ஒரு நீண்ட கயிறும், அதில் மூடி இறுக்கிக் கட்டிய ஒரு காலி பிளாஸ்டிக் கேனும் தொங்க வேண்டும். கேனில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தால் எறியும்போது தூரம் போகும். விழுந்தவர் அதைக் கட்டிப்பிடித்து மிதப்பார். செலவு சொற்பம்.

மூன்று: நீந்தத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒன்றை மனப்பாடம் செய்ய வேண்டும். யாராவது நீரில் விழுந்தால் சத்தம் போடு. கம்பை நீட்டு. கயிறோ கேனோ எறி. எதுவும் இல்லாவிட்டால் தரையில் குப்புறப் படுத்துச் சேலையை வீசு. பின்னால் குதிக்காதே. மூழ்குகிறவர் பிடிக்கும் பிடியில் நீந்தத் தெரிந்தவரும் அகப்பட்டுப் போவார்.

முன்வரிசைத் தங்கைமாரே, உங்களை ஆழிக்குமரிகளாக்க நாங்கள் கனவு காணவில்லை. உங்களில் ஒருத்தி ஒரு நாள் தலைமன்னாரில் இறங்கினால் எங்கள் பேரப்பிள்ளைகள் படகில் உட்கார்ந்து அவளுடைய கை வீச்சை எண்ணுவார்கள், அது வேறு. எங்களுக்கு இப்போது வேண்டியது பத்தடி. நீங்கள் ஒவ்வொருத்தியும் அந்தப் பத்தடியை நீந்திக் கரைக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

உரையை அனுப்பு என்று மலர்க் குழு கேட்டபோது, கடல் நீச்சலில் எங்களுக்குப் பிடித்த விதி எது என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. படகைத் தொடக்கூடாது என்பதா, யார் துணையுமின்றி இறங்கக்கூடாது என்பதா? இரண்டாவதே வென்றது. நவரத்தினசாமி முதல் ஜியாவரை தனியாகப் போனவர் எவரும் இல்லை. எல்லோர் பக்கத்திலும் ஒரு படகு போனது, விளக்குப் பிடித்தார்கள், கஞ்சி நீட்டினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தச் சங்கம் நூறு வருடமாக நமக்கு அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து செய்யட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பணம் தர விரும்புகிறவர்கள் வெளியே மேசையில் வைத்திருக்கும் கொப்பியில் பெயர் எழுதுங்கள். அது 1974இல் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பூமிசாஸ்திரக் கொப்பி. பின்பக்கங்கள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.